லிங்கன்ஷயர் வயல்களில் பனிக்காலம் எப்படிப் போகும்?

திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகனைப் பார்க்க டிசம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயருக்குப் போனேன். வயலெல்லாம் கோதுமை, நான்கு விரற்கடை உயரம். பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்பும்போதும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். நம் குறுவை என்றால் அதற்குள் கதிர் வாங்கியிருக்கும். அந்தக் குளிரில் பயிருக்கு உயிர் இருக்கிறதா? செம்மறிகளை உறைபனியில் வெட்டவெளியில் விட்டிருக்கிறார்கள். கனத்த உடம்புள்ள மாட்டைக் கொட்டகையில் அடைத்திருக்கிறார்கள். இது என்ன கணக்கு ஐயா?"

அதே மாவட்டத்தில் ஒரு பண்ணையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். போன புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். முதல் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பயிருக்கு உயிர் இருக்கிறது, குளிர் அதற்குத் தேவையும்கூட. அங்கே பயிரானாலும் ஆடுமாடானாலும் பனிக்காலத்தில் பயப்படுவது ஈரத்துக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் பார்த்த எல்லாவற்றுக்கும் கணக்கு வந்துவிடும்.

கோதுமையிலிருந்து தொடங்குவோம். நீங்கள் பார்த்தது பனிக்காலக் கோதுமை. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் முதல் வாரம் வரை விதைத்து, அடுத்த ஆகஸ்டில் அறுப்பார்கள். பத்துப் பதினொரு மாதப் பயிர். இந்த ரகத்தை ஏப்ரலில் விதைத்துப் பாருங்கள், கோடை முழுக்கப் புல்லாகவே நிற்கும், கதிர் வராது. முளைத்த பயிர் சில வாரங்கள் சுழியத்துக்கும் பத்து டிகிரிக்கும் நடுவில் கிடந்தால்தான் 'ஒரு பனிக்காலம் கடந்தாகிவிட்டது, இனி கதிர் தள்ளலாம்' என்று உள்ளே பூட்டு திறக்கும். பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகும்வரை காத்திருந்து பூப்பது போலத்தான் இதுவும். சம்பாவுக்குப் பகல் நேரம், கோதுமைக்குக் குளிர், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உயரம் ஏன் ஏறவில்லை? கோதுமை நாள் கணக்கில் வளராது, வெப்பக் கணக்கில் வளரும். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போனால், விதை மண்ணுக்கு மேல் தலைகாட்ட சுமார் 150 டிகிரி சேரவேண்டும். அப்புறம் ஒவ்வோர் இலைக்கும் நூறு, நூற்றிருபது டிகிரி. அக்டோபர் தொடக்கத்தில் சராசரி பத்து, பன்னிரண்டு டிகிரி இருக்கும்போது இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஜனவரிச் சராசரி நான்கு டிகிரிதான். ஆக, அந்த மாதம் முழுக்கச் சேர்த்தால் ஓர் இலை. பகலும் குறுகல். டிசம்பர் 21ஐ ஒட்டிக் காலை எட்டேகாலுக்கு விடிந்து, மாலை நான்கு அடிப்பதற்குள் இருட்டிவிடும்.

ஆனால் அந்த ஓர் இலையோடு கதை முடிவதில்லை. மூன்று இலை விட்டதிலிருந்து தூர் கட்டத் தொடங்கும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும். சதுர மீட்டருக்கு இருநூறு, இருநூற்றைம்பது செடி நின்றால், அதிலிருந்து அறுவடைக்கு 450, 500 கதிர் வரவேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. அந்தக் கூடுதல் எண்ணிக்கையின் பெரும்பகுதி, நீங்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நினைத்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது. வேரும் அப்போதுதான் இறங்குகிறது. உயரத்தை அளந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு செடியைப் பிடுங்கி எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு விஷயம். கதிராகப் போகிற குருத்து அப்போது மண்ணுக்குள்தான், ஓர் அங்குல ஆழத்துக்குள், பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மேலே தெரியும் பச்சை கருகினாலும் குருத்துக்கு ஒன்றும் ஆகாது. குளிர் படிப்படியாக ஏறினால் செடி தன் செல்களில் தண்ணீரைக் குறைத்து, சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு உறைபனிக்குத் தயாராகிவிடும். அப்படிப் பழகிய கோதுமை மைனஸ் பத்தைச் சாதாரணமாகத் தாங்கும். லிங்கன்ஷயரில் அதற்குக் கீழே போகும் இரவுகள் அபூர்வம். மேலே பனி மூடினால் இன்னும் நல்லது, கம்பளி போர்த்தின மாதிரி. ஓட்ஸ் மட்டும் கொஞ்சம் சொகுசு, கடுங்குளிரில் அது முதலில் போகும்.

இந்தக் குருத்துச் சங்கதி தெரிந்ததால்தான் பழைய காலத்தில் அங்கே பனிக்காலக் கோதுமைக்குள்ளேயே ஆட்டை விட்டு மேய்ப்பார்கள். இலையைத் தின்றாலும் பயிர் திரும்ப எழும். பூச்சி, நோய் பிடித்த பழைய இலையும் போய்விடும், மண்ணும் குளம்பால் அமுங்கும். இப்போது சிலர் அதைத் திரும்பவும் செய்துபார்க்கிறார்கள். தண்டு நீளத் தொடங்குவதற்குள் ஆட்டை வெளியேற்றிவிடவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நெல்வயலில் ஆடு இறங்கினால் ஊரே கூடுகிற இடத்திலிருந்து போன எனக்கு, முதல்முறை பார்த்தபோது கை பதறியது.

இனி ஈரத்துக்கு வருவோம். லிங்கன்ஷயரில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். உங்கள் திருவாரூரில் ஆயிரத்துக்கு மேல். அப்படியானால் அங்கே எப்படி ஈரம் பிரச்சினையாகும்? பெய்கிற அளவில் இல்லை விஷயம், காய்வதில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட ஆவியாவதில்லை. களிமண் ஒருமுறை நிரம்பிவிட்டால், அப்புறம் விழுகிற ஒவ்வொரு சொட்டும் வடிகுழாய் வழியாகத்தான் போகவேண்டும், இல்லையென்றால் வயலிலேயே நிற்கும். அதனால்தான் அந்தப் பக்கத்துக் களிமண் வயல்களுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களோ பிளாஸ்டிக் குழாய்களோ வரிசையாகப் புதைந்திருக்கும். நவம்பரில் பண்ணைக்காரர் கையில் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நடந்தால், எந்தக் குழாய் வாய் அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார் என்று அர்த்தம். ஐப்பசி அடைமழையில் சம்பா வயல் வடிகாலை வெட்டிவிட நீங்கள் ஓடுவீர்களே, அதே ஓட்டம்தான், கம்பளிச் சட்டையோடு.

விதை முளைப்பதற்கு முன் இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் முளை மூச்சுமுட்டி அழுகிவிடும். முளைத்த பிறகு கொஞ்சம் தாங்கும், ஆனால் வேர் ஆழம் போகாது. மேலாக நிற்கும் வேரோடு மே மாதத்து வறட்சியில் மாட்டும். இதற்கு அண்மைச் சாட்சி 2023-24 பனிக்காலம். 2023 அக்டோபரில் பாபெட் புயல் வந்ததிலிருந்து மழை ஓயவே இல்லை. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதங்கள், இங்கிலாந்தில் 1836இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அத்தனை நீளக் காலத்துக்குப் பதிவான மிக அதிக மழை. பலரால் விதைக்கவே முடியவில்லை. விதைத்ததும் திட்டுத்திட்டாக அழுகியது. 2024இல் பிரிட்டன் முழுவதுமான கோதுமை விளைச்சல் சுமார் 111 லட்சம் டன், முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தப் பனிக்காலம் கடுங்குளிரான பனிக்காலமும் இல்லை, மிதமானதுதான்.

'அப்படியானால் சீக்கிரமே விதைத்துவிட்டால் என்ன?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரண்டு தடைகள். ஒன்று, பிளாக்கிராஸ் என்று ஒரு களை. கிழக்கு இங்கிலாந்துக் களிமண்ணில் அதுதான் முதல் எதிரி. நம் குதிரைவாலிப்புல் நெல்லோடு நெல்லாக நின்று ஏமாற்றுவதுபோல் கோதுமைக்குள் ஒளிந்து நிற்கும். பல களைக்கொல்லிகளுக்கு மசிவதே இல்லை. அதன் விதையில் பெரும்பகுதி செப்டம்பர், அக்டோபரில் முளைக்கும். அதை முளைக்கவிட்டு அழித்துவிட்டு, அக்டோபர் நடுவுக்கு மேல் விதைப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டாவது அசுவினி. இளம்பயிரில் அது மஞ்சள் குட்டை நோயைப் பரப்பும். விதைநேர்த்தியில் பயன்பட்ட நியோனிகோட்டினாய்டு மருந்துகளுக்கு 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் தடை வந்தபின், முன்கூட்டி விதைத்த வயலில் வெதுவெதுப்பான இலையுதிர்காலம் வந்தால் ஆபத்துதான். ஒரு நல்ல உறைபனி விழுந்தால் அசுவினி அடங்கும். குளிரை அவர்கள் வரவேற்பதற்கு அதுவும் ஒரு காரணம். சீக்கிரம் விதைத்தால் களையும் அசுவினியும், தாமதித்தால் சேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நாளில்தான் அவர்களுடைய வருஷமே நிற்கிறது.

ஓடில்லா நத்தையைச் சொல்லாமல் விட்டால் லிங்கன்ஷயர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஈரக் களிமண்ணில், கட்டி உடையாத விதைப்பில், மண்ணுக்குள்ளேயே விதையைக் குடைந்து தின்னும். மெட்டால்டிஹைட் குருணை 2022 மார்ச்சோடு திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு நின்றுபோனது. இப்போது இரும்புப் பாஸ்பேட் குருணை. இதற்கும் அடிப்படை வைத்தியம் மண்ணை நன்றாக அமுக்கிவிடுவதுதான்.

சாலையோரம் முட்டைக்கோஸ் இலை மாதிரிக் கொஞ்சம் வயல்கள் பார்த்திருப்பீர்கள். அது ஆயில்சீட் ரேப், கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்து, ஆகஸ்டில் விதைப்பது. இடையிடையே வெடிச் சத்தம் கேட்டிருந்தால் அது காட்டுப்புறா விரட்ட. ஜனவரியில் வேறு பச்சை கிடைக்காமல் புறாக்கள் கூட்டமாக இறங்கி இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிடும். அதைவிட மோசம், இலைக்காம்புக்குள் பனிக்காலம் முழுக்கக் குடியிருக்கும் ஒரு தத்துவண்டின் புழு. பிரிட்டனில் 2012இல் ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த ரேப் பரப்பு 2021இல் பாதிக்கும் கீழே போனதற்கு அந்த வண்டுதான் முக்கியக் காரணம்.

அப்புறம் சர்க்கரைவள்ளி அளவில் குவித்து வைத்திருந்த வெள்ளைக் கிழங்கு, சர்க்கரைப் பீட். செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை தோண்டித் தோண்டி ஆலைக்கு அனுப்புவார்கள். இங்கேதான் என் வாதத்துக்கு நல்ல உதாரணம். பீட் உறைந்துபோய் உறைந்தபடியே இருந்தால் அவ்வளவு பாதகமில்லை. உறைந்தபின் இளகினால்தான் செல் வெடித்து, கொழகொழவென்று அழுகி, ஆலை ஏற்காது. 2022 டிசம்பரில் ஒரு வாரக் கடுங்குளிரும், உடனே வெதுவெதுப்பும் மாறி மாறி வந்ததில் கிழக்கு இங்கிலாந்தில் நிறையப் பீட் வயலிலேயே கெட்டது.

ஆடுகளுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. நீங்கள் பார்த்த செம்மறிகள் அநேகமாக டர்னிப் வயலில் நின்றிருக்கும். ஜூலைக் கடைசியில் பார்லி அறுத்த தாளில் டர்னிப் விதையை வீசிவிடுவார்கள். பன்னிரண்டு வாரத்தில் இலையும் கிழங்குமாகத் தீவனம் தயார். நவம்பரிலிருந்து பேட்டரி மின்வேலி போட்டு, இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான பட்டையை மட்டும் திறந்துவிடுவார்கள். தின்று, சாணி மூத்திரம் போட்டு முடித்ததும் வேலி நகரும். இது என்ன? நம்ம ஊர்க் கிடை! தை, மாசியில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் டெல்டா வயலில் ஆட்டுக்கிடை போடுவார்களே, அதேதான். அங்கே ஆட்டுக் குளம்பைத் 'தங்கக் குளம்பு' என்று சொல்வார்கள். பக்கத்து நார்ஃபோக்கில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற தீவனச்செடி என்று நான்கு ஆண்டுச் சுழற்சி வேரூன்றிவிட்டது. டர்னிப்பை ஓயாமல் புகழ்ந்ததால் டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு 'டர்னிப்' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் கீதாரி ஆட்டைக் கூட்டிக்கொண்டு வருவார், அங்கே ஆடு நிற்க, வேலி நகர்கிறது.

குளிர் அந்த ஆட்டை என்ன செய்யும்? நான்கு விரற்கடை மயிர், அதில் எண்ணெய்ப்பசை. முதுகில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், உள்ளே கைவிட்டால் சூடு. வயிற்றில் தீவனம் நொதிக்கிற சூடு வேறு. ஆனால் நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பிடுக்கு அழுகும், நொண்டும், நொண்டுகிற ஆடு மேயாது. நீர்த் தேங்கலில் பெருகும் ஒரு சிறு நத்தை மூலமாக ஈரல் தட்டைப்புழு ஏறும். ஆகவே நல்ல மேய்ப்பர் டர்னிப் பட்டைக்குப் பக்கத்திலேயே உலர்ந்து படுக்க ஒரு புல்தரையை விட்டுவைப்பார், வைக்கோலோ உலர்புல்லோ போடுவார். அந்தப் படுக்கை இல்லாத வயலைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அந்த மந்தையில் பெரும்பாலானவை சினை. நவம்பர் 5, அங்கே பட்டாசு கொளுத்தும் நாள், அன்று கிடாவை விட்டால் ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்தில் குட்டி என்று விளையாட்டாகச் சொல்வார்கள். சினைக்காலம் 147 நாள், எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். ஆடுகளின் பின்புறத்தில் நீலமும் சிவப்புமாகச் சாயம் இருந்ததே, அது கிடாவின் மார்பில் பூசிய சாயம். பதினேழு நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால், எது முதல் சுற்றில் சேர்ந்தது, எது இரண்டாவதில் என்று நிறமே சொல்லிவிடும். ஜனவரியில் ஸ்கேன் எடுத்து, ஒற்றை, இரட்டை, மூன்று என்று பிரித்து முதுகில் புள்ளி வைப்பார்கள். கருக்குட்டியின் எடையில் முக்கால்வாசி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறும். இரட்டைக்குத் தேவையான தீனி கிடைக்காவிட்டால் தாய் தன் கொழுப்பை உருக்கி மயங்கி விழும். ஒற்றைக்கு அளவுக்கு மீறிப் போட்டாலோ குட்டி பெருத்துப் பிரசவம் சிக்கலாகும். அதனால்தான் புள்ளிக்கு ஏற்ற பந்தி.

மாட்டை ஏன் அடைக்கிறார்கள்? மாட்டுக்குக் குளிர் தாங்காது என்று நினைக்கவேண்டாம். பனிக்கால மயிர் வளர்ந்து, வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்திருந்தால் மைனஸ் எட்டு டிகிரி அளவுக்குக்கூட அதற்குக் கூடுதல் தீனி தேவைப்படாது. அதே மாடு தோல்வரை நனைந்துவிட்டால் பதினைந்து டிகிரியிலேயே சூட்டுக்காகத் தீனியை எரிக்கத் தொடங்கிவிடும். ஒரே மாடு, நடுவில் இருபத்துமூன்று டிகிரி வித்தியாசம், காரணம் ஈரம் மட்டும். அதோடு அறுநூறு கிலோ மாடு ஈர வயலில் நடந்தால் புல்லும் போய்விடும், மண்ணும் களியாகப் பிசைந்துவிடும். ஆக, கொட்டகை மாட்டைக் காப்பதைவிட மண்ணைக் காக்கிறது என்பதே சரி. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வைக்கோல் படுக்கையில் நின்று சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த புல்) தின்னும். கொட்டகைச் சுவர்ப் பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டிருந்ததைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டது அது. மூடி வைத்தால் மூச்சு ஈரம் கூரையில் கோத்துச் சொட்டி, கன்றுகளுக்கு நிமோனியா வரும்.

அந்த வைக்கோல் படுக்கைதான் மாட்டையும் பயிரையும் முடிச்சுப் போடுவது. கிழக்கே கோதுமைக்காரரிடம் வைக்கோல் மிச்சம், மாடு வைத்திருப்பவரிடம் எரு மிச்சம். காசு கைமாறாமல் வைக்கோலுக்கு எரு என்று ஒப்பந்தம் நடக்கும்.

பிப்ரவரியில் பண்ணைக்காரர்கள் ஜன்னல் ஓரமே நிற்பதற்குக் காரணம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தழைச்சத்து கசியும் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உழவு நிலத்துக்குச் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை ரசாயன உரம் போடப் பொதுவாகத் தடை. போட்டாலும் வீண்தான், மழை அதை வடிகுழாய்க்குக் கொண்டுபோய்விடும். 1843 இலையுதிர்காலத்திலிருந்து வருஷம் தவறாமல் கோதுமை விதைக்கிற ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் வடிகுழாய்த் தண்ணீரைச் சோதித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த இழப்பைக் காட்டிவிட்டார்கள். பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் முதல் உரம். பயிர் பசித்து மஞ்சளிக்கும், பையில் உரம் இருக்கும், வயல் டிராக்டரைத் தாங்காது. அந்த அவஸ்தையில் ஒருமுறை நானே அவசரப்பட்டேன். காலையில் உறைபனியில் மண் கல்லாக இருந்தது, ஏறிவிட்டேன். பத்தரை மணிக்கு மேல்மண் இளகியது. திரும்பி வருவதற்குள் சக்கரம் முழங்கால் ஆழம் உழுதுவிட்டது. ஆகஸ்டில் அறுவடை இயந்திரத்தின் மேலிருந்து பார்த்தபோதும் அந்த இரண்டு தடமும் குட்டையாக, வெளிறித் தெரிந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, இயந்திரத்தை நிறுத்திக் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

குளிரே கொல்வதில்லையா என்றால், கொன்ற வருஷங்களும் உண்டு. 1947இல் பனிக்குவியலில் புதைந்து ஏராளமான ஆடுகள் மாண்டன, மலைப்பக்கம்தான் அதிகம். ஆனால் லிங்கன்ஷயரின் தென்பகுதி வரை பரவிய ஃபென்ஸ் தாழ்நிலத்தில் அந்த ஆண்டைச் சொன்னால் பெரியவர்கள் பேசுவது மார்ச் மாதத்தைப் பற்றி. பனி உருகி, மழையும் சேர்ந்து, கரை உடைந்து, விதைத்த வயலெல்லாம் கடலான மாதம் அது.

அடுத்த முறை போகும்போது பிப்ரவரிக் கடைசியில் ஒரு கோதுமை வயல் ஓரம் நில்லுங்கள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு செடியைப் பிடுங்குங்கள். மண்ணை உதறி, தூரை எண்ணுங்கள். மூன்று நான்கு இருந்தால் நன்றாகப் போகிறது. வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாக அழுகல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பாருங்கள். டெல்டாக்காரருக்கு அந்த வாடையை நான் சொல்லித்தரத் தேவையில்லை.